முள் ஆடியது எர்த் கோளாறால், பழி விழுந்தது எஞ்சின் மேல்

அனுப்புநர்:
இரண்டு இருக்கை மைக்ரோலைட் (சிறு இலகு விமானம்) ஒன்றின் கூட்டு உரிமையாளர்கள் மூவர் சார்பாக,
ஐந்து ரோடு அருகில், சேலம்.

பெறுநர்:
சேவைப் பிரிவு மேலாளர்,
எஞ்சின் மீட்டர் தொகுப்பை எங்களுக்கு விற்றுப் பொருத்திய நிறுவனம்.

பொருள்: தவறாகப் பொருத்திய எர்த் பட்டையால் மீட்டர்கள் தாறுமாறாகக் காட்டியது, எஞ்சின் மீது எழுதிய குறிப்பைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா,

எங்கள் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்கு உங்கள் ஆட்கள் ஜனவரியில் ஓமலூர் பக்கம் உள்ள எங்கள் கொட்டகைக்கு வந்து புது மீட்டர் தொகுப்பை மாட்டிக் கொடுத்தார்கள். வேலை பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. ஒயர்களை எல்லாம் வரிசையாகக் கட்டி, பவுடர் கோட்டிங் அடித்த புது பிராக்கெட்டும் வைத்திருந்தார்கள். அந்தப் பளபளப்பில் நாங்களும் மயங்கினோம்.

மறுவாரமே ஆயில் பிரஷர் முள் ஆடத் தொடங்கியது. எஞ்சின் மெதுவாகச் சும்மா ஓடும் ஐடிலில், அழுத்தம் 4 பாரில் இருந்து 7க்குத் தாவும், திரும்ப விழும். ஆயில் சூடு 95 டிகிரியில் நிற்க வேண்டிய நேரத்தில் 70 என்று காட்டும். சிலிண்டர் ஹெட் சூடும் அதே கதைதான். உங்களுக்குப் போன் செய்தோம். பிரஷர் சென்சார் போய்விட்டது என்றீர்கள், மாற்றினீர்கள். முள் ஆடியது. ரேடியோ இடையூறு என்றீர்கள். ரேடியோவின் பியூஸையே பிடுங்கிவிட்டு ஓட்டினோம், அப்போதும் ஆடியது. இரண்டாவது முறையும் சென்சார் மாற்றினீர்கள். மூன்றாவது வருகையில் உங்கள் டெக்னீஷியன் ஒரு தாளில், "பிரஷர் ரிலீஃப் வால்வு சிக்குகிறது, எஞ்சின் சந்தேகத்துக்குரியது, பிரித்துப் பார்க்கவும்" என்று எழுதி, கையெழுத்திட்டு, சீலும் வைத்துவிட்டுப் போனார்.

இந்தக் கடிதம் முக்கியமாக அந்தச் சீலைப் பற்றியது.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகவும் நொண்டியதால் பேட்டரி பலவீனம் என்று நினைத்துப் புது பேட்டரி வாங்கினோம். அதை மாட்ட வந்தவர் கொண்டலாம்பட்டியில் லாரிகளுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர். விமானத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. நான் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினேன். அவர் எஞ்சின் பக்கம் கை வைத்தவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். "சார், இந்த சோக் கேபிள் ஏன் சுடுது?"

அந்த ஒரு கேள்வியிலேயே விஷயம் முடிந்துவிட்டது. எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியே கரண்ட் போகாது. அதற்காகத்தான் எஞ்சினையும் பேட்டரி நெகட்டிவையும் இணைக்கும் செம்புப் பின்னல் பட்டை, அதாவது எர்த் பட்டை. அந்தப் பட்டை சரியாகத் தொடவில்லை என்றால் ஸ்டார்ட்டரின் கரண்ட் வேறு வழி தேடும். கிடைத்த வழி எஞ்சினைத் தொட்டுப் போகும் உலோகக் கம்பியான சோக் கேபிள். மல்டிமீட்டரை எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றினோம்: 3.4 வோல்ட். அங்கே அரை வோல்ட் இருந்தாலே அதிகம்.

உங்கள் ஆட்கள் பட்டையின் முனையைப் பழைய போல்ட்டில் இருந்து கழற்றி, அழகான புது பிராக்கெட்டின் மேல், கரண்ட் கடத்தாத பெயின்ட்டுக்கு மேலேயே முறுக்கியிருந்தார்கள். அடியில் உலோகத்தைப் பல்லால் கடித்துப் பிடிக்கும் ஸ்டார் வாஷர்கூட இல்லை. லாரிக்காரர் உப்புத்தாளால் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு தெரியவைத்து, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். முக்கால் மணி நேர வேலை. திரும்பச் சுற்றியபோது 0.1 வோல்ட். எஞ்சின் ஓடியது, முள் அசையவில்லை. அவர் கேட்டது 300 ரூபாய்.

நான் சேலம் உருக்காலையில் 29 வருடம் கருவிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கே முதலில் தோன்றவில்லையே என்ற வெட்கம் உண்டு. ஆனால் இந்த வேலைக்கு நான் காசு வாங்கவில்லை, நீங்கள் வாங்கினீர்கள்.

உட்கார்ந்து யோசித்திருந்தால் மீட்டர்களே சொல்லியிருக்கும். ஆடியவை மூன்று: ஆயில் பிரஷர், ஆயில் சூடு, ஹெட் சூடு. மூன்று சென்சாருக்கும் ஒற்றை ஒயர்தான், கரண்ட் திரும்பும் வழி எஞ்சின் உடம்பு. ஆர்.பி.எம். மீட்டர் ஒரு நாளும் ஆடவில்லை, ஏனென்றால் சுற்றை எண்ணும் அதன் பிக்கப் காயிலுக்குத் தனியாக இரண்டு ஒயர் உண்டு. முள்கள் நகர்ந்த திசையையும் பாருங்கள். எங்கள் பிரஷர் சென்சாரின் மின்தடை 0 பாரில் சுமார் 10 ஓம், 10 பாரில் சுமார் 180 ஓம். அழுத்தம் ஏற ஓம் ஏறும். சூட்டுச் சென்சார்கள் நேர் எதிர், சூடு ஏற ஓம் இறங்கும். எர்த்தில் வேண்டாத ஓம் சேர்ந்தால் பிரஷர் கூடுதலாகத் தெரியும், சூடு குறைவாகத் தெரியும். எங்கள் பலகையில் நடந்தது அப்படியே அதுதான். குலுக்கல் அதிகமாக இருக்கும் ஐடிலில் ஆட்டம் அதிகம், 4000 ஆர்.பி.எம்.மில் குறைவு. ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அந்த வால்வு சிக்கினால் ஹெட் சூட்டு முள் ஏன் ஆடப்போகிறது?

இருந்தாலும் உங்கள் குறிப்பை மதித்து, சென்சார் துளையில் நேரடிப் பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டிப் பார்த்தோம். 4000 ஆர்.பி.எம்.மில் 3.8 பார், ஆடாமல் நின்றது. கையேடு சொல்லும் 2 முதல் 5 பாருக்குள்தான். நீங்கள் கழற்றிப் போட்ட இரண்டு சென்சார்களையும் மேசையில் வைத்து அளந்தேன். இப்போது எஞ்சினில் இருப்பதும் அவையும் மூன்றும் ஒரே அளவு காட்டுகின்றன. ஒன்றுகூடக் கெட்டுப் போகவில்லை.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறேன் என்று தோன்றலாம். இந்தக் கோளாறு பொய் சொன்னது பயமுறுத்தும் பக்கம் அல்ல, ஆறுதல் சொல்லும் பக்கம். உண்மையிலேயே ஆயில் சூடேறியிருந்தால் எங்களுக்கு அது தெரிந்திருக்காது. கிளம்பிக் கிழக்கே திரும்பினால் எதிரே சேர்வராயன் மலை. ஏற்காட்டுச் சாலை 20 கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து கிடக்கும், எஞ்சின் நின்றால் இறங்க ஒரு வயல் கிடையாது. அங்கே நான் நம்புவது அந்த முள்களை மட்டும்தான்.

ஆகவே நாங்கள் கேட்பது: தேவையில்லாமல் மாற்றிய இரண்டு சென்சார்களுக்கு 18,800 ரூபாய், வருகைக் கட்டணம் 6,500, ஆக 25,300 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். "எஞ்சின் சந்தேகத்துக்குரியது" என்ற குறிப்பை அதே சீலோடு, அதே கையெழுத்தோடு, எழுத்தில் திரும்பப் பெறுங்கள். நாளைக்கு நாங்கள் விற்கப் போனால் அந்தத் தாள்தான் விலையைத் தின்னும். பணத்தைவிட இதுதான் எங்களுக்கு முக்கியம். அதே பவுடர் கோட்டிங் பிராக்கெட்டை வேறு யாருக்கெல்லாம் மாட்டினீர்களோ, அவர்களுக்கு இந்த வாரமே போன் செய்து, பெயின்ட்டைச் சுரண்டச் சொல்லுங்கள். அதற்கு எங்கள் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

15 நாளில் பதில் வராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் சேலம் மாவட்டத்தின் ஆணையத்திலேயே சேவைக் குறைபாடு என்று மனு கொடுப்போம். ரசீதுகள், உங்கள் சீல் வைத்த தாளின் நகல், மல்டிமீட்டர் அளவுகளின் படங்கள், பெயின்ட்டோடு இருந்த பிராக்கெட்டின் படம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். பழைய சென்சார்கள் இரண்டும் கூரியரில் தனியே வருகின்றன.

இப்படிக்கு,
உரிமையாளர்கள் மூவருக்காக