செமினியிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி வலி தேவலையா? மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நாங்கள் இருப்பது டவுனா கிராமமா என்று போனில் கேட்கிறீர்கள். நாலு வார்த்தையில் சொல்ல வரவில்லை. கடிதமாக எழுதினால்தான் உங்களுக்கும் நிதானமாகப் படிக்க வசதி.

செமினி, மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் காஜாங்கைத் தாண்டி இருக்கிறது. நடுவில் பழைய கடைத்தெரு. அதைச் சுற்றி ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர்த் தோட்டங்கள். பால்மரம் போய்ப் பல இடங்களில் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை வந்தது. பிறகு நிலம் கைமாறி, மேட்டுக்கு மேடு வீடுகள் எழும்பிவிட்டன. எங்கள் குடியிருப்பும் அப்படி வந்ததுதான். சுற்றிலும் மதில், வாசலில் தடுப்புக் கம்பம், ஜாகா என்கிற காவல் வேலையில் நேபாளத்து இளைஞர்கள். ஒரே அச்சில் இரட்டை மாடி வீடுகள், வாசலுக்கு இரண்டு கார். பிள்ளைகளுக்குப் பூங்கா, மாலையில் நடக்கக் குளக்கரை. நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். சொந்தமாக வாங்கியவர்களில் பலர் 35 வருடத் தவணை கட்டுகிறவர்கள்.

இங்கே காலை ஏழு மணிக்கு மேல்தான் விடியும். உங்கள் மாப்பிள்ளை கிளம்பும்போது கும்மிருட்டு. செமினிக்கு ரயில் கிடையாது; காரில் காஜாங் போய், காரை அங்கே விட்டுவிட்டு எம்.ஆர்.டி. என்கிற நகர ரயில் ஏற வேண்டும். 2017-ல் அந்தப் பாதை காஜாங் வரை வந்தது. கோலாலம்பூரில் துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச் நிலையத்தில் இறங்கினால் அலுவலகம் பக்கம். இந்த நாட்டுக் குடிமக்களுக்கு 50 வெள்ளியில் (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்பார்கள்) 30 நாள் பாஸ் உண்டு. நமக்கு அது கிடையாது, தினமும் முழுக் கட்டணம்தான். ஆனாலும் கார் ஓட்டிக்கொண்டு கோலாலம்பூர் நெரிசலில் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல்.

எட்டு மணிக்கெல்லாம் ஊர் காலி. புல் வெட்டுகிறவர்கள், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், பொட்டலம் கொண்டுவரும் பையன்கள், இவர்கள்தான் பகலில் தெருவில் இருப்பார்கள். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் தங்கமானவர்கள். அவர்கள் புத்தாண்டுக்கு ஆரஞ்சு கொடுத்தார்கள், தீபாவளிக்கு நான் முறுக்கு கொடுத்தேன். மற்றபடி, யார் வீட்டில் விசேஷம், யார் வீட்டில் துக்கம் என்பது வாசலில் சேரும் கார்களைப் பார்த்துத்தான் தெரிகிறது. வசதிக்குக் குறையே இல்லை அப்பா. மனிதர்களைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

அப்படித் தேடிப் போன இடம் கடைத்தெரு. அங்கே ஒட்டுக்கடை வைத்திருக்கும் பாட்டியிடம் தோசை வாங்கப் போய்ப் பழக்கம். இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மாவோடு மங்கு துடைக்கப் போனவர். மரத்திலிருந்து பால் வந்து விழும் கோப்பைக்குத்தான் மங்கு என்று பெயர். எப்படி வெட்டுவார்கள் என்று கேட்டேன். தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கடைத் தூணில் விரலால் சரிவாக ஒரு கோடு இழுத்துக் காட்டினார். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டுமாம். ஆழம் கூடினால் மரம் காயப்படும், அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது, மண்டோரிடம், அதாவது மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே இறங்குவார்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரைதான் கூரை. தோட்டத்தை விற்றபோது பாட்டியின் குடும்பம் அடுக்குமாடி வீடொன்றில் நாலாவது மாடிக்குப் போயிற்று. பாட்டியின் கணவர் வளர்த்த மாடுகளை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார்களாம். மூன்று தலைமுறை காடு திருத்தி, மரம் வைத்து, பால் எடுத்த மண்ணில் அவர்களுக்கென்று ஒரு சாண் இல்லை. பாட்டி இதைச் சாதாரணமாகச் சொல்கிறார், எனக்குத்தான் மனசு ஆறவில்லை. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கிய காலத்தில், அன்றைய மலாயா அமைச்சர் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பேசி, அவர்கள் சேமிப்பைத் திரட்டி 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது பல தோட்டங்களை வாங்கியது. அப்படி ஒரு கை எல்லாத் தோட்டத்துக்கும் எட்டியிருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

ஆடி மாதம் பாட்டி என்னைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப் போனார். கிள்ளான், ஜொகூர் என்று எங்கெங்கோ சிதறிப்போன பழைய குடும்பங்கள் அன்றைக்கு வந்து சேர்கின்றன. கூழ் ஊற்றினார்கள். ஒரு பெரியவர் என்னை எங்கே குடியிருக்கிறாய் என்று விசாரித்தார். சொன்னதும், "உங்க பூங்கா இருக்கே, அந்த மேட்டுலதான் பிள்ளைகளைப் பார்த்துக்கிற ஆயாக்கொட்டகை இருந்துச்சு. எங்கம்மா பால் வெட்டப் போகையில என்னை அங்கதான் தொட்டில்ல போட்டுட்டுப் போகும்" என்றார். சின்னவன் தினமும் ஊஞ்சலாடும் இடம் அது. மறுநாளே பெரியவளிடமும் சின்னவனிடமும் சொல்லிவிட்டேன், அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் முக்கியமான விஷயம். உங்கள் பெரியப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினார் என்று சொல்வீர்களே, அவரைப் பற்றிப் பாட்டியிடம் பேசினேன். தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை 1938-ல் இந்திய அரசு நிறுத்திவிட்டது, அதற்கு முன்பே வந்திருப்பார் என்றேன். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அவரிடமிருந்து கடிதம் நின்றுபோனது என்று சொன்னதும் பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. ஜப்பான்காரன் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்களைச் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனான், திரும்பாதவர்கள் ஏராளம் என்றார். அவருடைய மாமாவும் போனவர்தானாம்.

பெரியப்பா அப்படித்தான் போனார் என்று நான் சொல்லவில்லை. எந்தத் தோட்டம் என்று தெரிந்தாலாவது விசாரிக்கலாம். தோட்டமே இல்லாமல் போனாலும் அதன் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளியோ கோயிலோ இருக்கலாம், அங்கே பழைய ஆட்களைப் பிடிக்கலாம் என்கிறார் பாட்டி. பரணில் அப்பாயியின் தகரப் பெட்டி இருக்கிறதல்லவா? அதில் அவர் எழுதிய கடித உறைகள் இருந்தால், முத்திரையும் முகவரியும் தெரிகிற மாதிரி தம்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்து மங்கியிருந்தாலும் பரவாயில்லை. நீங்களே பரணில் ஏறாதீர்கள்.

அன்பு மகள்