46 வயது நிறையும் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் பேசக் கூடாது என்று விலக்கி வைத்த உங்கள் நோயைப் பற்றி இனியும் வாய் மூடி இருப்பதில்லை என்று முடிவு செய்து, மல்யுத்த வீரர் ஆந்த்ரே தி ஜயண்டின் வாழ்க்கையைக் கறுப்பு வெள்ளைச் சித்திரக்கதையாகச் சொல்லும் புத்தகமொன்றை உங்களுக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். 1993 ஜனவரியில், தந்தையின் இறுதிச் சடங்குக்காகப் பிரான்சுக்குப் போயிருந்த அவர் பாரிஸில் விடுதி அறையிலேயே இதயம் நின்று இறந்தபோது அவருக்கும் வயது 46தான்.

முகப்புத் திண்ணையில் நாம் ஆடிய ரெஸ்லிங் அட்டைகளில் உயரமும் எடையும் கூடியவனுக்கே வெற்றி. ஆந்த்ரேயை 7 அடி 4 அங்குலம் என்று விளம்பரப்படுத்தினார்கள். வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்க வைத்து அந்த உயரத்தைத் தந்த நோயே, உங்களுக்கும் வந்திருக்கிற அதே நோயே, அவரை விமானக் கழிப்பறைக்குள் நுழைய முடியாதவராகவும் ஆக்கியது. 1987 மார்ச் 29 அன்று சக மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் அவரைத் தூக்கி அடித்ததை எத்தனை முறை எனக்கு நடித்துக் காட்டியிருப்பீர்கள்! முதுகில் அறுவை சிகிச்சை முடிந்திருந்த அவர் அன்று உடைக்குள் பட்டை கட்டிக்கொண்டுதான் மேடை ஏறினார்.

அய்யாவின் மோதிரம் உங்கள் விரலைவிட்டு வர மறுத்த மாலை எனக்கு மறக்கவில்லை. இரண்டாம் கட்டில் ஆத்தா நல்லெண்ணெய் தடவினார்கள், பிறகு நூலைச் சுற்றி இழுத்துப் பார்த்தார்கள்; கடைசியில் ஆசாரி வந்து அறுத்தெடுத்தபோது, வலியை மறைத்து என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். உடம்பு போட்டுவிட்டது என்றார்கள் எல்லோரும். இடுப்பு பெருக்கவில்லை, அண்ணே. விரலும் பாதமும் தாடையும் மட்டுமே பெருத்திருந்தன. அதைக் கவனித்தவள் நான் ஒருத்திதான்.

உங்களுக்குப் பெண் பேசி முடித்த இடத்தில் உங்கள் நோயைச் சொன்னவளும் நானே. நம் உறவினர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அந்த வீட்டாரைப் பற்றி எதுவும் எழுதப் போவதில்லை. உங்கள் மனம் நொந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்னதற்குக் கேட்க மாட்டேன், ஏனென்றால் அந்தப் பெண்ணும் யாரோ ஒருவருக்குத் தங்கைதான். அதன் பிறகு வேறு இடம் பார்க்க நீங்கள் சம்மதிக்காததும், வைத்தியரிடம் போவதை நிறுத்தியதும் என்னைத் தண்டிப்பதற்காகத்தானா? அப்படியென்றால் அது மிகவும் கொடுமை. அப்பச்சி போன பிறகு உங்களைவிட எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஆந்த்ரே சிகிச்சை வேண்டாம் என்றே இருந்துவிட்டார். இந்த நோய்க்குக் காரணமான கட்டி, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியில் வளர்வது; இன்று அதை மூக்கின் வழியாகவே எடுக்கிறார்கள். மிச்சமிருந்தால் மாதம் ஒரு ஊசி போட்டு ஹார்மோனைக் கட்டுப்படுத்துகிறார்கள். ரத்தப் பரிசோதனையோடு இதயத்துக்கு எக்கோவும் எடுத்துவிடுங்கள். மதுரைக்கு நானும் வருகிறேன், பேருந்தில் நீங்கள் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. புத்தகத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினால் மறுபடியும் அனுப்புவேன்.

உங்கள் தங்கை
காரைக்குடி