உடன்பிறந்தோரின் கண்களையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

சர்க்கரை நோயால் வரும் விழித்திரை பாதிப்பில் மரபணுக்களின் பங்கு குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். சர்க்கரை எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்பவையே இன்றும் பெரிய காரணங்கள். சரி, ஆனால் குடும்பமும் முக்கியம். 2002-இல் சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இப்பாதிப்பு உள்ளவரின் உடன்பிறந்த சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து சுமார் மூன்று மடங்கு என்று தெரியவந்தது. ஆகவே விலை உயர்ந்த மரபணுப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். குடும்பத்தைப் பற்றி விசாரித்தாலே பாதி வேலை முடியும்.

என் அக்காவுக்குக் கண்ணில் லேசர் சிகிச்சை செய்தபோது, கூடப் பிறந்தவர்களுக்குச் சர்க்கரை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. பார்வை தெளிவாகத்தானே இருக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபோதுதான் என் விழித்திரையிலும் கசிவு தெரிந்தது. அதுவரை வலி இல்லை, மங்கல்கூட இல்லை. பெங்களூருவில் அரசு நடத்தும் ‘நம்ம கிளினிக்’ மருத்துவ மையங்களில் சர்க்கரை நோயாளிகளின் பதிவுச் சீட்டில், கூடப் பிறந்தவர்களுக்குச் சர்க்கரை உண்டா என்ற கேள்வியைச் சேர்த்து, உடன்பிறந்தோரையும் உடனே விழித்திரைப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டும். அல்சூர், ஸ்ரீராமபுரம் பகுதிகளில் அது தமிழிலும் இருந்தால் பெரியவர்களுக்கு உதவியாக இருக்கும்.

ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு