சைக்கிளைத் திருப்பிய புழு

மச்சான்,

உன் மெயில் வந்து இரண்டு கிழமையாகிறது, கோபிக்காதே. இங்கே மழை விடவில்லை, நேற்று வாடிப்போன கத்தரிகளில் ஏழெட்டைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கிக் கிடக்கிறது. வட்டப்புழு. படம் எடுத்து மகளுக்கு அனுப்பி, உன்னுடைய ஆட்கள் என் தோட்டத்தை முடித்துவிட்டார்கள் என்று எழுதினேன். அவளுக்குக் கோபம். அவள் ஆய்வுகூடத்தில் வளர்ப்பது வேறு இனமாம், சி. எலிகன்ஸ், ஒரு மில்லிமீற்றர் நீளம், பற்றீரியாவைத் தின்று பிழைக்கிற அப்பாவியாம்.

அப்புறம் ஒரு மணித்தியாலம் ஃபோனில் பாடம்தான். உயர்தரத்தில் கிருமியோடு சண்டை போடுகிற வெண்குருதிக்கலம், பிறபொருளெதிரி என்று உருப்போட்டோமே, அதெல்லாம் இந்தப் புழுவிடம் கிடையாது. குடலில் இருபது கலங்கள், சமிபாடும் அவைதான், சண்டையும் பெரும்பாலும் அவைதான். சாப்பாடே பற்றீரியா என்பதால் எது சோறு எது நஞ்சு என்று பிரிப்பதே பெரிய பாடு. சூடோமோனாஸ் மாதிரி ஒரு கெட்ட பற்றீரியாவைத் தின்றால் சில நாட்களில் செத்துவிடும், ஆனால் சும்மா சாகாது, சில மணித்தியாலங்களுக்குள் அதுவரை அடங்கிக் கிடந்த பரம்பரையலகுகள், அதுதான் ஜீன்கள், விழித்து, லைசோசைம் போன்ற கிருமிகொல்லிப் புரதங்களைச் செய்யத் தொடங்கும். கலத்துக்குள் செய்தி கடத்துகிற பி38 என்ற சமிக்ஞைப் பாதைதான் இதை நடத்துகிறது என்று 2002 இல் புழுவில் கண்டுபிடித்தார்கள். எங்கள் உடம்பிலும் அதே பாதை உண்டு.

எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்தப் பற்றீரியாவின் நஞ்சு ஒன்று, எக்ஸோடொக்ஸின் ஏ, கலத்துக்குள் புரதம் செய்கிற வேலையையே நிறுத்திவிடும். புழுவுக்கு நஞ்சின் முகம் தெரியாது, வேலை நின்றதுதான் தெரியும். 2012 இல் வந்த ஆய்வில் அதே நஞ்சைச் செயலிழக்க வைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், புழு கண்டுகொள்ளவே இல்லை. இன்னொரு வேடிக்கை, புரத உற்பத்தி படுத்துக்கிடக்கிற நேரம் பார்த்து ஸிப்-2 என்ற ஒரு புரதம் கூடுகிறது, அதுதான் போய் எதிர்ப்பு ஜீன்களைத் தட்டி எழுப்புகிறது.

கேட்டுக்கொண்டிருக்க எனக்கு யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதிதான் ஞாபகம் வந்தது. கடைகள் திடீரென்று சட்டரை இழுக்கும், என்ன ஏது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள், ஏதோ ஆபத்து என்று நாங்கள் சைக்கிளைத் திருப்பிவிடுவோம். நீ மட்டும் "பொறு, பாப்பம்" என்று நிற்பாய்! புழுவாகப் பிறந்திருந்தால் தப்பியிருக்கமாட்டாய்.

மகள் தைப்பொங்கலுக்கு வருகிறாள், நீயும் வரப் பார். ஒடியல் கூழ் காய்ச்சலாம், கத்தரிக்காய்க் குழம்பை மட்டும் கேட்காதே.