ஆண்டறிக்கை: பணியிடை நீக்கங்களும் நம் கிளையின் பணியும்

தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஆசிரியர் சங்கக் கிளையின் செயற்குழு ஆண்டு முழுவதும் முறையாகக் கூடியது. பணி ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர்களுக்குப் பாராட்டு விழா நடத்தினோம். புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்கள் என்பது மகிழ்ச்சி தரும் மாற்றம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வைப்பார்.

மற்றபடி கிளையின் நேரத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டவை பணியிடை நீக்கங்களும் அவற்றைத் தொடர்ந்த விசாரணைகளும்தான். அவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

தனியார் கல்லூரி ஒன்றில், சம்பளப் பாக்கி கேட்டு சக ஆசிரியர்களிடம் கையெழுத்து வாங்கிய நம் உறுப்பினருக்கு சஸ்பென்ஷன் ஆர்டர் வந்தது. காரணம் என்று அதில் இருந்தது 'ஒழுங்கீனம்' என்ற ஒற்றைச் சொல். என்ன ஒழுங்கீனம், என்றைக்கு நடந்தது, யாரிடம் என்று எதுவுமே இல்லை. குற்றச்சாட்டை விவரமாக எழுதித் தரும் சார்ஜ் மெமோ வரவில்லை, பணியிடை நீக்கக் காலத்தில் சம்பளத்தில் ஒரு பகுதியாகத் தர வேண்டிய பிழைப்பூதியமும் வரவில்லை. பேசாமல் இருந்தால் நிர்வாகம் மனமிரங்கும் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்ல, அவரும் வீட்டிலேயே காத்திருந்தார். நம்மிடம் வந்தபோது இரண்டு மாதம் தாண்டிவிட்டது.

இங்கேதான் 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் கைகொடுத்தது. அதன் 19ஆவது பிரிவை ஒவ்வொரு உறுப்பினரும் ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும். தகுதியுள்ள அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரைப் பணிநீக்கமோ பதவி இறக்கமோ செய்ய முடியாது என்கிறது அது. கடுமையான குற்றச்சாட்டு பற்றி விசாரணை நடத்த இருக்கும்போது மட்டுமே பணியிடை நீக்கம் செய்யலாம். அதுவும் இரண்டு மாதத்துக்குத்தான். விசாரணை இழுபடுவதற்கு அந்த ஆசிரியரே காரணம் என்றால் அதிகாரி இன்னும் இரண்டு மாதம் வரை நீட்டிக்கலாம். அப்படி நீட்டிக்காவிட்டால் ஆசிரியர் பணிக்குத் திரும்பிவிட்டதாகவே சட்டம் கொள்கிறது. இதைச் சுட்டிக்காட்டிக் கல்லூரிச் செயலருக்குக் கடிதம் எழுதினோம், கல்லூரிக் கல்வி இணை இயக்குநருக்கும் நகல் அனுப்பினோம். நம் உறுப்பினர் இப்போது வகுப்பெடுக்கிறார். விசாரணை நடக்கட்டும், அதில் நமக்கு மறுப்பில்லை.

பல்கலைக்கழகத் துறைகளிலும் அரசுக் கல்லூரிகளிலும் இருப்பவர்களுக்கு வழி வேறு. அரசுக் கல்லூரி ஆசிரியர்களுக்கு, அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் கடும் தண்டனைக்கான விசாரணையைச் சொல்லும் 17(பி) நடைமுறை. பல்கலைக்கழகத்தில் முடிவு அதன் ஆட்சிக்குழுவான சிண்டிகேட் கையில். அவர்கள் நினைவில் வைக்க வேண்டியது, அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது: மூன்று மாதத்துக்குள் சார்ஜ் மெமோ தராவிட்டால் பணியிடை நீக்கத்தை அதற்கு மேல் நீட்டக்கூடாது, தந்திருந்தால், நீட்டிப்பதற்குக் காரணம் எழுதி உத்தரவு போட வேண்டும்.

பிழைப்பூதியத்தைப் பலர் ஏதோ சலுகை போல நினைத்துக்கொண்டு கேட்கத் தயங்குகிறார்கள். கோலார் தங்கவயலில் பாதுகாப்பு அலுவலராக இருந்த பால் ஆண்டனி பணியிடை நீக்கத்தில் இருந்தபோது அவருக்கு அந்தப் பணம் தரப்படவில்லை. கேரளத்திலிருந்து விசாரணைக்கு வந்துபோகக் காசில்லை. அவர் இல்லாமலே விசாரணையை முடித்து வேலையை விட்டு நீக்கினார்கள். அந்த விசாரணையே செல்லாது என்று 1999இல் உச்ச நீதிமன்றம் கூறியது. குடும்பத்துக்குச் சோறும், தன் தரப்பைச் சொல்லப் பஸ் கட்டணமும் இல்லாதவரிடம் நியாயமான விசாரணை நடத்தியதாக யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

இன்னொரு கல்லூரியில், குற்றச்சாட்டை எழுதிக்கொடுத்த வழக்கறிஞரே விசாரணை அலுவலராக வந்து உட்கார்ந்தார். முதல் அமர்விலேயே எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் கொடுங்கள் என்றோம். உறுப்பினர் அப்படியே செய்தார், விசாரணை அலுவலர் மாற்றப்பட்டார். அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டுக் கடைசியில் மேல்முறையீட்டில் சொன்னால், முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்பார்கள். அதே போல விசாரணை அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். முடிவெடுப்பதற்கு முன் அந்த நகலைக் கொடுத்து விளக்கம் பெற வேண்டும் என்பது கருணாகர் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வகுத்த விதி. நம்மிடம் வந்தவர்களில் அந்த நகலைக் கேட்டிருந்தவர்கள் மிகக் குறைவு.

பணியில் சேரும்போதே தேதி போடாத ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கம் பற்றி இளம் ஆசிரியர்கள் பலர் நம்மிடம் சொன்னார்கள். 19ஆவது பிரிவு முழுவதையும் ஒரு தாளில் இல்லாமல் ஆக்கிவிடும் வேலை இது. அப்படிக் கொடுத்திருப்பவர்கள், அது தன் விருப்பத்தோடு எழுதியதல்ல, திரும்பப் பெறுகிறேன் என்று பதிவு செய்த ஸ்பீட் போஸ்ட்டில் இப்போதே அனுப்பிவிடுங்கள். கடிதம் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள்.

செயற்குழுவில் கடுமையான விவாதம் எழுந்த ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பாலியல் தொல்லை புகாருக்கு ஆளான ஆசிரியருக்கு சங்கம் உதவலாமா என்ற கேள்வி வந்தது. புகார் கொடுத்த பெண்ணின் மீது எந்த நெருக்குதலும் வரக்கூடாது, அதற்குச் சங்கம் துணை போகவும் கூடாது. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு 90 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். அந்தக் கெடுவை இரு தரப்புக்காகவும் நாம் வலியுறுத்துவோம். குற்றச்சாட்டின் நகலும் பதில் சொல்லும் வாய்ப்பும் அந்த ஆசிரியருக்குக் கிடைக்கிறதா என்று பார்ப்போம். அதற்கு மேல் அவருக்காகப் பேச மாட்டோம். முறையாக நடந்த விசாரணையின் முடிவுதான் மேல்முறையீட்டிலும் நிற்கும். அது புகார் கொடுத்தவருக்கும் நல்லது. இந்த நிலைப்பாட்டை ஏற்காத நண்பர்கள் இங்கே எழுந்து பேச வேண்டுகிறேன்.

பணிநீக்கம் செல்லாது என்று தீர்ப்பானால் இடைப்பட்ட காலச் சம்பளம் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். மகாராஷ்டிர ஆசிரியை தீபாலி சுர்வசே வழக்கில் 2013இல் முழுச் சம்பளமும் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தான் வேலையின்றி இருந்ததை ஆசிரியர் எழுத்தில் சொல்லிவிட்டால், வேறு வருமானம் இருந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு நிர்வாகத்துடையது.

இன்னும் பெரிய ஓட்டை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே எட்டாது. ஆசிரியர் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று சுந்தராம்பாள் வழக்கில் 1988இல் தீர்ப்பானதால் தொழிலாளர் நீதிமன்றமும் இல்லை. தனியார் நிறுவனத்தின் பணித் தகராறுகளில், உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் ரிட் மனுவுக்கான வாசலை 2022இல் வந்த உச்ச நீதிமன்றத்தின் செயின்ட் மேரீஸ் தீர்ப்பு மேலும் குறுக்கிவிட்டது. தண்டனைக்கும் பணிநீக்கத்துக்கும் ஆளாகும் ஆசிரியர்களின் குறைகளைக் கேட்க, மாவட்ட நீதிபதி நிலையிலானவர் தலைமையில் தீர்ப்பாயம் வேண்டும் என்று டி.எம்.ஏ. பை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு 2002லேயே சொல்லிவிட்டது. அப்படியொரு தீர்ப்பாயம் நிகர்நிலை நிறுவன ஆசிரியர்களுக்கும் வேண்டும் என்று அரசைக் கோரும் தீர்மானத்தைத் துணைத்தலைவர் முன்மொழிவார்.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு திட்டம் வைக்கிறோம். ஒவ்வொரு கல்லூரியிலும் இருவர், சார்ஜ் மெமோவுக்குப் பதில் எழுதவும் விசாரணையில் துணை நிற்கவும் பயிற்சி பெற வேண்டும். முடிந்தவர்கள் இன்று மாலைக்குள் பெயர் கொடுங்கள். ஆர்டர் கைக்கு வந்த அன்றே போன் செய்யுங்கள், தனியாக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த அறிக்கையை விவாதித்து ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

தோழமையுடன்,
செயலாளர்