குளோவிஸின் மகன்கள் மூவரல்லர், நால்வர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வரலாற்றுப் பகுதியில், ‘ஃபிராங்கு மன்னர் குளோவிஸ் தம் மூன்று மகன்களுக்கும் நாட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. (ஃபிராங்குகள் இன்றைய பிரான்சுப் பகுதியை ஆண்ட ஜெர்மானிய இனத்தார்.) ஒரே வரியில் இரண்டு பிழைகள். மகன்கள் நால்வர். பிரித்துக் கொடுத்தவரும் அவரல்லர். 511இல் அவர் பாரிஸில் இறந்த பிறகு மகன்களே பிரித்துக்கொண்டார்கள். அப்பா உயில் எழுதி வைத்ததாக ஆறாம் நூற்றாண்டுத் தூர் நகர் ஆயர் கிரிகோரி எங்கும் சொல்லவில்லை. இந்தக் குடும்பத்தைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி அவர் எழுதிய வரலாற்றிலிருந்துதான் வருகிறது என்பது தாங்கள் அறியாததல்ல.

விடுபட்டிருப்பவர் மூத்த மகன் தியூடெரிக். அரசி குளோட்டில்டாவை மணப்பதற்கு முன்பே வேறொரு பெண்ணிடம் குளோவிஸுக்குப் பிறந்தவர். கட்டுரையாளர் அரசியின் பிள்ளைகளை மட்டும் எண்ணியிருக்கிறார். அக்கால ஃபிராங்குகள் அப்படி எண்ணவில்லை. தன் பிள்ளை என்று அரசன் ஏற்றுக்கொண்டால் போதும். தாய் யார் என்று பார்த்துப் பங்கைக் குறைக்கமாட்டார்கள். 507இல் வூயே போரில் தெற்கே ஆண்ட விசிகோத்து இனத்து மன்னர் இரண்டாம் அலாரிக் வீழ்ந்ததும், அல்பி, ரொடேஸ் வழியாகக் கிளெர்மோன்வரை சென்று ஊர்களைப் பிடிக்கக் குளோவிஸ் அனுப்பியது இந்த மகனைத்தான். அரசியின் மகன்கள் அப்போது சிறுவர்கள். தியூடெரிக்கின் மகன் தியூடெபெர்ட்தான் தங்க நாணயத்தில் கிழக்கு ரோமப் பேரரசர் பெயரை விட்டுத் தன் பெயரைப் பொறித்த முதல் ஃபிராங்கு மன்னர். ஒரு கிளையையே வெட்டிவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

பங்கீட்டையும் விளக்கியிருக்கலாம். தியூடெரிக்குக்கு ரீம்ஸ், குளோடோமருக்கு ஓர்லியான், சில்டெபெர்ட்டுக்குப் பாரிஸ், குளோத்தாருக்குச் சுவாசோன். வரைபடத்தில் பாருங்கள், நான்கு தலைநகரங்களும் நாட்டின் வடபாதியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். புதிதாகப் பிடித்த தெற்குச் சீமையான அக்விடேனிலும் ஆளுக்கொரு துண்டு உண்டு. அது தலைநகரத்தோடு ஒட்டியிருக்கவேண்டும் என்பதில்லை. தன் ஊருக்குப் போக அண்ணன் நிலத்தையோ தம்பி நிலத்தையோ தாண்டவேண்டும். சகோதரச் சண்டைக்குக் ‘காட்டுமிராண்டிக் குணம்’ என்று கட்டுரை காரணம் சொல்கிறது. பாகம் பிரித்த முறையைச் சொல்லாமல் குணத்தைப் பழிப்பது நியாயமா?

524இல் வெசெரோன்ஸ் போரில் தென்கிழக்கு அண்டை நாட்டினரான பர்கண்டியரிடம் குளோடோமர் மாண்டார். அவருடைய மூன்று சிறுவர்களும் வளர்ந்தால் ஓர்லியான் பங்கு அவர்களுக்குப் போகும். சித்தப்பாக்கள் சில்டெபெர்ட்டும் குளோத்தாரும் பிள்ளைகளைப் பாட்டி குளோட்டில்டாவிடமிருந்து வரவழைத்துக்கொண்டு, முடியை வெட்டுவதா, கொல்வதா என்று கேட்டுப் பாட்டிக்கு ஒரு கத்தரிக்கோலும் உருவிய வாளும் அனுப்பினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் இதழ் இதை ‘மொட்டையடிக்கும் தண்டனை’ என்று எழுதியது. தண்டனை அல்ல. இந்த வம்சத்தில் நீண்ட கூந்தல்தான் அரசுரிமையின் அடையாளம். முடியை வெட்டினால் உரிமை போயிற்று. அரியணை இல்லையென்றால் மழித்துப் பார்ப்பதைவிடப் பிணமாகப் பார்ப்பதே மேல் என்று துயரத்தில் பாட்டி சொல்லிவிட்டார். பத்து வயதுப் பிள்ளையையும் ஏழு வயதுப் பிள்ளையையும் குளோத்தார் தன் கையாலேயே கொன்றார். தப்பிய குளோடோவால்ட் தன் முடியைத் தானே வெட்டித் துறவியானார். பாரிஸை ஒட்டியுள்ள சான் குளூ என்ற ஊர் அவர் பெயரால் வழங்குவது. அந்த ஊரைப் பற்றிப் பயணக் கட்டுரை வெளியிட்டபோதும் தாங்கள் இதைச் சொல்லவில்லை.

பெயர்களையும் சொல்லியாகவேண்டும். ஒரே கட்டுரையில் ‘குளோத்தார்’, ‘குளோட்டேர்’ என்று ஒருவரையே இருவராக்கியிருந்தீர்கள். முன்னது ஜெர்மானிய வடிவம், பின்னது பிரெஞ்சு வடிவம். குளோவிஸ் என்ற பெயரே பின்னாளில் லூயி ஆனது. நெப்போலியனின் தேனீச் சின்னம் அவருடைய சொந்தக் கற்பனை என்றும் ஒருமுறை எழுதினீர்கள். 1653இல் டூர்னேயில் குளோவிஸின் தந்தை சில்டெரிக்கின் கல்லறை அகப்பட்டது. பெயர் பொறித்த முத்திரை மோதிரத்தோடு ஏறக்குறைய 300 பொன் தேனீக்கள் அதில் இருந்தன. நெப்போலியன் எடுத்துக்கொண்டது அவற்றைத்தான். 1831இல் பாரிஸ் நூலகத்திலிருந்து அந்தப் பொன் களவு போய், இரண்டு தேனீக்களே மிஞ்சின. இதையும் அப்போதே எழுதி அனுப்பினேன்; பதில் இல்லை.

பள்ளிப் பிள்ளைகள் தங்கள் பக்கங்களை வெட்டிக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே அடுத்த இதழில் ‘மூன்று’ என்பதை ‘நான்கு’ என்று திருத்தி, தியூடெரிக்கின் பெயரையும் சேர்த்து இரண்டு வரி வெளியிட வேண்டுகிறேன். இடம் இருந்தால், குளோவிஸ் முதல் 561இல் மறைந்த குளோத்தார்வரை சிறிய வம்சாவளிப் படம் ஒன்றும் போடலாம்; அரைப் பக்கம்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி