திராசிமேனோ ஏரிக்கரை அண்டை வீட்டாருக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

இத்தாலியின் உம்ப்ரியாவில், காஸ்தில்யோனே தெல் லாகோ ஊரை ஒட்டிய குன்றுகளில், இந்தக் கோடை முழுவதும் எங்களுக்குத் துணையிருந்த எல்லோருக்கும் வணக்கம். பயணக் கையேடுகளில் தேவாலயங்களும் ஓவியங்களும் இருக்கின்றன. ஜூலை வெயிலில் கல்வீட்டுக்குள் எப்படித் தூங்குவது, இரவில் மின்சாரம் போனால் எங்கே போய்ப் பார்ப்பது என்பதெல்லாம் அவற்றில் இல்லை. அதையெல்லாம் சொல்லித் தந்தவர்கள் நீங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் சேர்த்தே சொன்னீர்கள். அடுத்து இங்கே தங்க வரும் தமிழருக்கும் பயன்படும் என்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

எதிர்வீட்டுப் பாட்டிக்கு முதல் நன்றி. வெளிக்காற்று உள்ளறையைவிடச் சூடாகும் நேரம், அதாவது காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம், சன்னலையும் வெளிப்புற மரக்கதவையும் சாத்திவிட வேண்டும். பொழுது சாய்ந்து வெளியே குளிர்ந்த பிறகு எதிரெதிர்ச் சன்னல்களைத் திறக்க வேண்டும். காற்று வரட்டும் என்று நண்பகலில் திறந்தால் தடித்த கற்சுவர் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவு முழுக்க அறைக்குள் விடும்.

மின்பணி செய்யும் ஐயாவுக்கு நன்றி. இத்தாலிய வீடுகளின் வழக்கமான இணைப்பு 3 கிலோவாட். அதற்குமேல் பத்து சதவீதம், அதாவது 3.3 வரை, தாங்கும். மின்சார அடுப்புப் பெட்டிக்கு ஏறத்தாழ 2 கிலோவாட். தண்ணீரைச் சூடாக்கும்போது துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் அதே அளவு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் சிறிது நேரத்தில் மீட்டரின் நெம்புகோல் விழுந்துவிடும். முதலில் ஒன்றை அணைத்துவிட்டு, பிறகு அதைத் தூக்க வேண்டும். பல பண்ணை வீடுகளில் மீட்டர் சாலையோர வாசலருகே இருப்பதால் கதவோரம் ஒரு டார்ச் விளக்கு தேவை. வீட்டுக்குள் இருக்கும் மின்பலகையில் ‘T’ என்ற சோதனைப் பொத்தான் உள்ள சுவிட்ச் விழுந்தால் அது வேறு கதை: எங்கோ மின்கசிவு. காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பத் தூக்கக் கூடாது.

எரிவாயு உருளை கொண்டுவந்து மாட்டிக் காட்டிய அண்ணனுக்கும் கடன்பட்டிருக்கிறோம். நம் ஊர் ரெகுலேட்டரைப் போல ‘டக்’ என்று அமராது. இங்கே திருகுமரை இடப்பக்கமானது. கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் இறுகும். உருளை மாற்றும்போதெல்லாம் வாஷரும் புதிதாக இருக்க வேண்டும். மாட்டியதும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது கட்டாயம். ரப்பர்க் குழாயில் அச்சிட்டிருக்கும் காலாவதி ஆண்டையும் பார்க்க வேண்டும்.

ஆகஸ்டில் தக்காளிச் சாறு பாட்டிலில் அடைத்த வீட்டாருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். இத்தனை வேலைகளில் மிக நுணுக்கமானது இதுதான். நீண்ட, சதைப்பற்றுள்ள, நன்கு பழுத்த தக்காளியே வேண்டும். அடிபட்டதையும் பூஞ்சை பிடித்ததையும் ஒதுக்கிவிடுங்கள். இரண்டாக வெட்டி, குழையும் வரை வேகவைத்து, துளைப்பாத்திரத்தில் நீரை நன்றாக வடியவிட வேண்டும். இந்த வடிப்பில் அவசரப்பட்டால் சாறு தண்ணீராக நிற்கும். பிறகு தோலும் விதையும் பிரிக்கும் இயந்திரத்தில் அரைத்து, வெளியே வந்த தோலை மறுபடியும் உள்ளே போட வேண்டும். கெட்டியான சதை அதில்தான் ஒட்டியிருக்கும். கழுவி உலர்த்திய பாட்டிலில் ஈரமில்லாத ஒரு துளசிக்குடும்ப இலை, அதுதான் பசீலிகோ, அதன்மேல் சாறு. கழுத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெற்றிடம் அவசியம். சாறு சூட்டில் விரியும்.

இரும்புப் பீப்பாயில் பாட்டில்களுக்கு நடுவே பழைய துணி திணித்து, மூடிகள் முழுகும்படி தண்ணீர் ஊற்றி, கொதி வந்த பின் முப்பது நாற்பது நிமிடம் தீ எரிய வேண்டும். துணி இல்லாவிட்டால் கொதியில் ஒன்றோடொன்று மோதி உடையும். சூட்டோடு வெளியே எடுத்தாலும் விரிசல் விடும். தண்ணீரிலேயே மறுநாள் வரை ஆறட்டும். ஆறியதும் மூடியின் நடுவை அழுத்திப் பார்க்க வேண்டும்: ‘டிக்’கென்று அமுங்கி எழுந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது, அதை உடனே சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். இந்த முறைக்குத் தக்காளியின் புளிப்பே காவல். புளிப்பில்லாத பீன்ஸையோ கத்தரிக்காயையோ இப்படி அடைத்தால் பொட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நஞ்சு உண்டாகலாம். அதை அழுத்திச் சொன்னதற்குத் தனி நன்றி.

‘தோர்த்தா அல் தெஸ்தோ’ என்னும், கல்லில் சுடும் தட்டை ரொட்டியைக் கற்றுக்கொடுத்த அக்காவுக்கு நன்றி: அரைக் கிலோ மைதா, கால் லிட்டர் அளவு தண்ணீர், உப்பு, சிட்டிகை சமையல் சோடா. பிசைந்து அரைமணி மூடி வைத்து, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, முள்கரண்டியால் குத்திவிட வேண்டும். கல்லின் சூட்டைப் பார்க்க ஒரு சிட்டிகை மாவு தூவினால் போதும், தோசைக்கல்லில் நீர் தெளித்துப் பார்ப்பதுபோல: மெல்லச் சிவந்தால் பதம், உடனே கருகினால் மேலே தீய்ந்து உள்ளே வேகாது.

ஏரிக்கரையின் சிறுபயறான ஃபஜோலினாவை விற்ற தாத்தாவுக்கும் வணக்கம். அது நம் தட்டைப்பயறின் இனமே. ஊறவைக்க வேண்டாம், முக்கால் மணியில் வெந்துவிடும். செடியில் ஒரே நேரத்தில் முற்றாததால் வாரக்கணக்கில் கையால் பறிக்கிறார்கள். அந்த விலை நியாயமான விலை.

சந்தையில் பழத்தைத் தொடாமல் கேட்டு வாங்கவும், முலாம்பழம் இன்றைக்கா நாளைக்கா என்பதை முன்னதாகச் சொல்லவும் பழக்கியவர்களுக்கும், பேருந்துச் சீட்டைப் புகையிலைக் கடையில் வாங்கி ஏறியதும் முத்திரை குத்தச் சொன்னவர்களுக்கும் நன்றி. ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ விடுமுறையில் எந்த மருந்தகம் திறந்திருக்கும் என்பதை, பூட்டிய மருந்தகத்தின் கதவில் ஒட்டிய பட்டியலிலேயே பார்க்கலாம் என்று காட்டியவருக்கும்தான். அவசர எண் 112.

கடன் வாங்கிய பாட்டில்களைக் கழுவி, கவிழ்த்து உலர்த்தி, கொட்டகை அலமாரியில் அடுக்கியிருக்கிறோம். பழைய மூடிகளை எறிந்துவிட்டோம். ஒருமுறை திறந்த மூடி மறுபடி இறுக அடைக்காது. புது மூடிப் பெட்டி கீழ்த்தட்டில் இருக்கிறது.

அன்புடன்,
குன்றின் மேல்வீட்டில் தங்கிய குடும்பங்கள்